முருங்கையில் ஒரு சிவப்பு இலை

ஞாயிற்றுக்கிழமை காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்த கோமதியை அவள் அம்மா செண்பகம் ஹாலிலிருந்து கூப்பிட்டாள்.

"கோமு, இங்க வந்து பாரேன். உன் பேர் செவந்து போச்சு."

மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கோமதி வந்தாள். சாமி படங்களுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே, சுவர்த் திரையில் முருங்கை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு நீளக் காம்பு, இரு பக்கமும் கிளைக்காம்புகள், அவற்றில் சின்னச் சின்ன இலைகள். காம்பின் நுனியில் பிரச்சினை எழுதியிருந்தது: 'தாரணி – மிதுன் திருமணம் நடக்கவில்லை.' இலைகள் கிட்டத்தட்ட எல்லாமே பச்சையாகிவிட்டன. ஜாதகம் பச்சை. மண்டபம் பச்சை. மிதுன் வீட்டில் மீன் சமைப்பார்கள் என்ற இலைகூடப் போன மாதம் பச்சையாகிவிட்டது. ஒன்று மட்டும் சிவப்பில் விட்டுவிட்டு மின்னியது. 'அக்கா கோமதிக்கு இன்னும் ஆகவில்லை.'

"இது புதுசு இல்லையேம்மா," என்றாள் கோமதி. "மூணு வருஷமா மஞ்சளா இருந்தது. மத்ததெல்லாம் முடிஞ்சதும் இது சிவப்பாகுது. அதோட வேலையே அதுதானே."

"அதுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடும். நாமதான பாக்கணும்," என்று செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இந்த முருங்கையை வீட்டுக்குக் கொண்டுவந்தவளே கோமதிதான். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பிரிவுக்கு அவள் தலைவி. பம்ப் ஒழுகினால் ஏன் ஒழுகுகிறது என்று ஒரு மீன் முள்ளைப் போலப் படம் வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணத்தை எழுதி, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது அங்கே பழைய வழக்கம். ஒரு காலத்தில் அதைச் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தார்கள். பிறகு அந்தப் படமே காது வைத்துக் கேட்கவும், வாய் திறந்து பேசவும், தானாகவே ஏன் என்று கேட்கவும் கற்றுக்கொண்டது. ஃபேக்டரியிலிருந்து வார்டு ஆபீசுக்கும், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும், கடைசியில் வீட்டுச் சுவருக்கும் வந்தது. சைவ வீடுகளில் மட்டும், ஹால் சுவரில் மீன் முள்ளா என்று சண்டை வந்தது. கம்பெனிக்காரர்கள் யோசித்து அதையே முருங்கை ஈர்க்காக மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது தினம் மீன் குழம்பு வைக்கிற வீடுகளிலும் அதற்குப் பெயர் முருங்கைதான். தெருவில் இரண்டு பேர் கவலையாக நின்று பேசினால், மூன்றாவதாக வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "முருங்கையில போட்டாச்சா?"

அதற்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. 'தெரியல' என்ற பதிலை அது ஏற்றுக்கொள்ளாது. "தெரியவில்லை என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ள இயலாது. ஏன்?" என்று மென்மையான பெண் குரலில் திரும்பக் கேட்கும். ஏதாவது ஒரு பதில் சொல்லும்வரை விடாது. அதனால் எல்லோரும் ஏதாவது ஒரு பதில் சொல்லப் பழகிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே முருங்கை ஒரு ஒட்டு கண்டுபிடித்துவிட்டது. ஒரு வீட்டின் சிவப்பு இலைக்கு இன்னொரு வீட்டின் சிவப்பு இலை பொருந்தினால், இரண்டு வீட்டாரும் சம்மதித்தபின் சேர்த்துக் காட்டும். அதற்குத்தான் ஒட்டு என்று பெயர்.

"பொள்ளாச்சி. குமரகுரு. டாக்டராம்," என்று வாசித்த செண்பகத்தின் குரல் அதற்குள் மாறியிருந்தது.

"அக்கா, பாவம், ஒரு தடவை பாத்துட்டுதான் வாயேன்," என்றாள் தங்கை தாரணி, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். மிதுன் அதே நிறுவனத்தில் பக்கத்து மேசைக்காரன்.

"யாரு பாவம்? அவரா நானா?"

"ரெண்டு பேரும்."

அப்பா சிவசைலம் பேப்பரை மடித்து வைத்தார். "பம்புக்கும் பொண்ணுக்கும் ஒரே மெஷினா," என்றார். அந்த வீட்டில் அவர் சொல்வதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

கோமதி பெரிய சோகக் கதை எதையும் சுமந்துகொண்டிருக்கவில்லை. வந்த வரன்களில் சிலது அவளுக்குப் பிடிக்கவில்லை, சிலருக்கு அவளைப் பிடிக்கவில்லை. அப்புறம் வேலை இழுத்துக்கொண்டது, முப்பத்தாறு வயதாகிவிட்டது, அவளுக்கு அது பழகியும்விட்டது. பழகாதது ஒன்றுதான். தங்கையின் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்று யார் கேட்டாலும் அத்தனை கண்ணும் தன் பக்கம் திரும்புகிற அந்த ஒரு நொடி. அந்த நொடிக்காகவே அவள் விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் அவளுக்கு முன்பே வந்து, இரண்டு தேங்காய் பன்னை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கோமதிதானுங்களே? நான் குமரகுரு. மாட்டு டாக்டருங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன். சில பேரு டாக்டர்ங்கறதை மட்டும் கேட்டுட்டு, அப்புறம் ஏமாந்துடறாங்க."

"முருங்கை அதைச் சொல்லலையே."

"ஏன்னு கேட்டாத்தான் சொல்லும். யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க."

கோமதி சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"நான் எங்க தங்கச்சி கல்யாணத்துல ஒரு இலை," என்றாள். "நீங்க யார் கல்யாணத்துல?"

"எங்க வீட்டுல பிரச்சினை கல்யாணமே இல்லீங்க. வீடு விக்கிறது. தம்பிங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல, அப்பாவால அவ்வளவு பெரிய வீட்டைப் பாத்துக்க முடியல. ஆனா கையெழுத்துப் போட மாட்டேங்கறார். ஏன்? பெரியவன் கல்யாணம் இந்த வீட்டுலயிருந்து நடக்கணும். ஏன் நடக்கல? நான் பண்ணிக்கல. அங்க வந்து நின்னுடுச்சு. ஒரு வீட்டு விற்பனையில நான் ஒரு இலை."

"அது என்னைவிட மோசம்."

"பரவாயில்லைங்க. பன் சாப்பிடுங்க."

கோமதி பன்னைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு, ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"டாக்டர், முருங்கையில போடற எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க. இலை சிவப்பானா அதுதான் காரணம்னு முடிவு பண்ணிடறாங்க. நாங்க அப்படிப் பண்ண மாட்டோம். ஒரு பம்ப் ஒழுகுது, வாஷர்தான் காரணம்னு படம் சொல்லுதுன்னு வைங்க. அந்த வாஷரை எடுத்துட்டு வேற போட்டுப் பாப்போம். ஒழுகறது நிக்கணும். அப்புறம் பழைய வாஷரைத் திரும்ப வைப்போம். திரும்ப ஒழுகணும். ரெண்டும் நடந்தாத்தான் அது காரணம்."

"மொதல்லயே ஒழுகறது நிக்கலைன்னா?"

"அப்ப அந்த வாஷர் குத்தவாளி இல்ல. ஆனா அப்பவும் எடுத்ததை எடுத்த இடத்துல திரும்ப வச்சுடணும். எது எப்படியிருந்தாலும் திரும்ப வச்சாத்தான் சோதனை முடிஞ்சதா அர்த்தம். எங்க விதி அது."

"சரிங்க."

"என்னை யாரும் இதுவரைக்கும் சோதிச்சுப் பாக்கல." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்குக் கல்யாணம் நிச்சயமாச்சுன்னா தாரணி கல்யாணம் உடனே நடக்கணும். நடந்தா, சரி, நான்தான் காரணம், ஒத்துக்கறேன். நடக்கலைன்னா இத்தனை வருஷமா நான் சும்மா பழி சுமந்திருக்கேன். எனக்கு அது தெரியணும்."

குமரகுரு டீயைக் கலக்குவதை நிறுத்தினார். "அதாவது, நாம நிச்சயம் பண்ணிக்கற மாதிரி."

"பூ மட்டும் வச்சுட்டுப் போங்க, போதும். ஒரு மாசம். அப்புறம் ஒத்துவரலைன்னு சொல்லிடலாம்."

"பொய்யாயிடுமே."

"பொய் இல்ல. சோதனை."

"ஊசி போடறப்ப மாட்டுக்கிட்ட நாங்களும் அப்படித்தாங்க சொல்லுவோம்," என்றார். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்தார். "எனக்கும் தெரிஞ்சுக்கணும்போலத்தான் இருக்கு. அப்பா என்னாலதான் அந்த வீட்டுல தனியாக் கிடக்கறாரான்னு. சரிங்க, பண்ணிடலாம்."

சோதனையைக் கோமதி வீட்டில் யாருக்கும் தெரியாமல், போனிலிருந்தே தன் பெயரில், ஒரு மாதக் கெடுவோடு முருங்கையில் பதிந்தாள். ஃபேக்டரிப் பழக்கம். பதியாமல் எந்தச் சோதனையையும் அவளால் தொடங்க முடியாது.

பூ வைக்க வந்த அன்று வீடு அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. குமரகுருவின் அம்மா கூடை நிறைய மல்லிகையும், மாம்பழ நிறத்தில் ஒரு புடவையும் கொண்டுவந்திருந்தாள். கோமதியின் தலையில் பூவை வைத்துவிட்டு, அது விழாமல் இருக்க இன்னொரு ஊசி கேட்டு வாங்கிக் குத்தினாள். செண்பகம் சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையே ஓடிக்கொண்டேயிருந்தாள். நடுவில் ஒருமுறை கோமதியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். சோதனை என்பதன் விலை கோமதிக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே பார்த்தாள். குமரகுரு தட்டிலிருந்த கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

சுவரில் சிவப்பு இலை இளம்பச்சைக்கு மாறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மிதுனின் அம்மாவும் வந்திருந்தாள். கையலம்பப் போகிற இடத்தில் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. இனியாவது தாரணி சரின்னு சொல்லுவா."

"நீங்கதானே ஆன்ட்டி, அக்காவுக்கு ஆகட்டும்னு சொன்னீங்க?"

"நாங்களா?" அந்த அம்மாளின் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "எங்க வீட்டுல பெரியவன் மிதுன் இருக்கறப்பவே சின்னவனுக்குப் பண்ணினோம். நாங்க எதுக்கு அப்படிச் சொல்லப்போறோம்? தாரணிதான் சொன்னா, அக்கா இருக்கறப்ப நான் எப்படி ஆன்ட்டின்னு. உங்க வீட்டு வழக்கம்போலன்னு நாங்களும் விட்டுட்டோம்."

குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. கோமதி அதை மூட மறந்து நின்றாள்.

அடுத்த வாரம் முழுக்க அவள் காத்திருந்தாள். தாரணி கல்யாணத் தேதி பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா கேட்டபோது ஆடி கழியட்டும் என்றாள். அப்பா கேட்டபோது ஆபீசில் ஒரு பெரிய வேலை என்றாள். முருங்கையில் புதிதாக இரண்டு மஞ்சள் இலைகள் துளிர்த்தன. கோமதி இலை பச்சையாக, பயனில்லாமல் நின்றது.

ஒரு சாயங்காலம், வாசலில் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த தாரணிக்குப் பக்கத்தில் கோமதி போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

"மிதுன் அம்மா சொன்னாங்க."

தாரணி வயரைச் செருகி முடிக்கும்வரை திரும்பவில்லை. "தெரியும். நீ கேப்பன்னு தினமும் எதிர்பாத்தேன்."

"மூணு வருஷம்டி. கல்யாண வீட்டுக்குப் போனா என்னை எப்படிப் பாப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." தாரணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, மூணு வருஷம் முன்னாடி மொத மொதல்ல முருங்கை என்கிட்ட ஏன்னு கேட்டுச்சு. தெரியலன்னேன். ஏத்துக்கல. திரும்பத் திரும்ப ஏன், ஏன். அம்மா பக்கத்துல நிக்கறா, மிதுன் போன்ல இருக்கான். வாயில வந்தது உன் பேரு. உடனே அது கேக்கறதை நிறுத்திடுச்சு. அம்மா அழுதா, மிதுன் புரிஞ்சுக்கிட்டான், எல்லாரும் நிறுத்திட்டாங்க. உன்னைச் சொன்னா அதுக்கப்புறம் யாருமே ஏன்னு கேக்கறதில்ல."

"மிதுனைப் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு இல்ல. அவன் லீவு போட்டா எனக்கு ஆபீஸ்ல சோறு எறங்காது. ஆனா தேதின்னு சொன்னா உள்ள ஏதோ பண்ணுது. பிடிச்சிருக்கா, பயமா, சோம்பேறித்தனமா, எனக்கே குழப்பமா இருக்குக்கா. தெரியலங்கறதுக்கு முருங்கையில இலையே இல்ல. நீ கொஞ்சம் நெழல் குடுத்த, நின்னுக்கிட்டேன்."

கோமதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் காரணமில்லை என்று நிரூபணமாகிவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். அதுவும் முழுதாக வரவில்லை. மூன்று வருடமாகத் தோளில் கிடந்த மூட்டையை இறக்கிவைத்த பிறகும் தோள் அப்படியே சாய்ந்து நிற்பதுபோல இருந்தது.

"மிதுன்கிட்ட இதைச் சொல்லு," என்றாள் கடைசியில். "முருங்கைகிட்ட வேண்டாம். அவன்கிட்ட."

"தெரியலன்னா சொல்றது?"

"அப்படியே சொல்லு. அவன் ஏத்துக்கறானான்னு பாரு."

தாரணி அவள் தோளில் சாய்ந்தாள். கோமதி தள்ளிவிடவில்லை. தலையில் ஒரு குட்டு மட்டும் வைத்தாள், கொஞ்சம் பலமாகவே.

குமரகுரு அந்த மாதத்தில் அடிக்கடி கோயம்புத்தூர் வந்தார். சோதனை இயல்பாகத் தெரிய வேண்டும் என்று முதலில் இருவரும் பேசிவைத்திருந்தார்கள். பிறகு அதைச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டார்கள். எருமை கன்று போட்டால் படம் அனுப்புவார். ஒரு நாள், சாகும் என்று எல்லோரும் கைவிட்ட பசு எழுந்து நின்றுவிட்டதாகப் போனில் சொன்னார்.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"மூணு குடுத்தேன். எது கேட்டுச்சுன்னு தெரியலைங்க."

"தெரியாம எப்படி விடறது?"

"எங்க நோயாளிங்க ஏன்னு கேட்டா பதில் சொல்லாதுங்க. எந்திரிச்சுத் தண்ணி குடிச்சா நாங்க சந்தோஷப்பட்டுக்குவோம்."

அன்று இரண்டு பம்புகளின் அறிக்கையைக் கோமதி தவறாகப் படித்தாள். அவள் வேலையில் அப்படி நடந்ததே இல்லை. இந்த ஆளைப் பிடித்திருக்கிறதா? அல்லது எல்லோரும் கைதட்டியதால் பிடித்த மாதிரி இருக்கிறதா? முருங்கை கொண்டுவந்து வைத்த ஆளைப் பிடித்துவிட்டால் அது தன் விருப்பமா, முருங்கையின் விடையா? ஒரு காகிதத்தை எடுத்து, பழைய பழக்கத்தில் காம்பு வரைந்து, நுனியில் அவர் பெயரை எழுதினாள். கிளைகளில் எழுத ஒன்றும் வரவில்லை. அதற்குள் போன் அடித்தது. அவர்தானோ என்று பார்த்தாள். இல்லை. காகிதத்தைக் கசக்கிப் போட்டாள்.

கெடு முடிவதற்கு முதல் நாள் அதே பேக்கரியில் உட்கார்ந்தார்கள். தேங்காய் பன் தீர்ந்துபோயிருந்தது.

"உங்க சோதனை முடிவு என்னங்க?" என்றார் குமரகுரு.

"நான் காரணம் இல்ல. உங்களுது?"

"நான்தான் காரணம்." அவர் சிரிக்க முயன்றார். "பூ வச்சுட்டு வந்த மறுநாளே அப்பா தரகரைக் கூப்பிட்டுட்டார். கல்யாணம் முடிஞ்ச மறுமாசம் கிரயமாம். வாசலுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கார்."

கோமதி டீ டம்ளரைத் தள்ளிவைத்தாள். "அப்ப நான் நிறுத்தினா..."

"அதை நீங்க கணக்குல எடுக்கக்கூடாது," என்று அவர் குறுக்கிட்டார். அவர் அவளைக் குறுக்கிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கப்பாவுக்காக ஒருத்தர் பச்சையா இருக்க வேண்டாம். விதிப்படி திரும்ப வச்சுடுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"உங்களுக்கு..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் காலை, எல்லோரும் இட்லித் தட்டோடு ஹாலில் இருந்தபோது சுவரிலிருந்து அந்த மென்மையான குரல் வந்தது.

"கோமதி, சோதனை முடியும் நாள் இன்று. நீக்கிய காரணத்தைத் திரும்ப வைத்து, நிச்சயத்தை ரத்து என்று பதிந்துவிடலாமா?"

தாரணி தட்டைக் கீழே வைத்தாள். செண்பகம் கையில் சட்னிக் கரண்டியோடு நின்றாள்.

"என்ன சோதனை?" என்றாள். "கோமு, இது என்ன சொல்லுது?"

கோமதி மறைக்கவில்லை. பேக்கரி, வாஷர், ஒரு மாதம், எல்லாவற்றையும் சொன்னாள். சோதனையில் தெரியவந்த தாரணியின் பங்கை மட்டும் விட்டுவிட்டாள். தாரணியே அதைப் பாதியில் எடுத்துச் சொல்லி முடித்தாள். மிதுனிடம் சொல்லிவிட்டதாகவும், அவன் சரி, யோசி, நானும் யோசிக்கிறேன் என்றதாகவும் சேர்த்துக்கொண்டாள். செண்பகம் மெல்லச் சோபாவில் உட்கார்ந்தாள். கரண்டியிலிருந்து சட்னி அவள் புடவையில் சொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்த அம்மா வச்ச பூ?" என்றாள்.

கோமதி குனிந்து அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"நிச்சயத்தை ரத்து என்று பதிந்துவிடலாமா?" என்றது முருங்கை.

"வேண்டாம்," என்றாள் கோமதி.

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்று அவளுக்கே தெரிந்தது. எடுத்ததைத் திரும்ப வைக்காமல் அவள் எந்தச் சோதனையையும் விட்டதில்லை.

"விதிப்படி திரும்ப வைக்க வேண்டும். ஏன் வேண்டாம்?"

கோமதி சுவரைப் பார்த்தாள். குமரகுருவின் அப்பாவுக்காகவா? அது இல்லை. அம்மா முகத்துக்காகவா? அதுவும் இல்லை. சாகக்கிடந்து எழுந்து நின்ற பசுவுக்காகவா, தீர்ந்துபோன தேங்காய் பன்னுக்காகவா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் அதுவாக இல்லை. ஆனாலும் வேண்டாம் என்பது மட்டும் அசையாமல் இருந்தது.

"தெரியல," என்றாள்.

"தெரியவில்லை என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ள இயலாது. ஏன்?"

கோமதி செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "டாக்டர், எங்க இருக்கீங்க?" என்று அவள் கேட்பது ஹாலுக்குக் கேட்டது. அதற்கு அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"ஏன்?" என்றது முருங்கை மறுபடியும், கோமதி நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்து.

செண்பகம் புடவையிலிருந்த சட்னியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ சும்மா இரு," என்றாள் சுவரிடம். "எனக்கு இவங்கப்பாவைப் பிடிச்சதுக்கே இன்னும் ஏன்னு தெரியல."

சிவசைலம் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.